ஒழுகினால் கொட்டாய் போச்சு!

மழையை எதிர்த்து வயிறு வளர்க்கிறவளுக்கு வெயில் காலத்தில் ஒரு மரியாதையும் கிடையாது. சித்திரையில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஆள், ஐப்பசி பிறந்ததும் "ஏனுங்கக்கா, என்ற தார்ப்பாய் என்னாச்சுங்க?" என்று வாசலில் தவம் கிடப்பார். கொடுத்த பொருள் நன்றாக இருந்தால் நம்மைப் புகழ மாட்டார்கள். "இந்த வருசம் மழை அவ்வளவா இல்லைங்க" என்பார்கள். ஒரு சொட்டு உள்ளே விழட்டும், நம் ஏழு தலைமுறையையும் இழுத்துத் தெருவில் போடுவார்கள். குடை தைக்கிறவர்களே, ஓடு மாற்றுகிறவர்களே, வாடிக்கைக்காரர்களிடம் பேச்சு வாங்கிச் சாப்பிடுகிற எல்லாருமே, நாமெல்லாம் ஒரே கட்சி. என் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். ஆனால் ஒன்று, இது அழுது முடிகிற கதை இல்லை. நான் ஜெயித்த கதை.

சாவிக்கு வைத்த கெடு

குன்னூரில் பஸ் நிற்கிற இடத்துக்குக் கீழே, ஆற்றை ஒட்டி எங்கள் கொட்டாய். மாமனார் காலத்திலிருந்து அங்கே கித்தான் துணியில் தார்ப்பாயும் கூடாரமும் தைத்து, மழை இறங்காதபடி மெழுகு ஏற்றிக் கொடுப்பதுதான் தொழில். அவருக்குப் பிறகு எங்க ஊட்டுக்காரர் தைத்தார், நான் மெழுகு காய்ச்சினேன். பேர் அவருக்கு, புகை எனக்கு. குந்தாவில் மின்சார வேலை மும்முரமாக நடந்த சமயத்தில் அவருக்கு அங்கே ஸ்டோரில் வேலை கிடைத்தது. லீவு கிடைக்கும்போது மட்டும் வருவார். தையலையும் நானே பார்த்துக்கொண்டேன்.

ஊட்டுக்காரருடைய அண்ணன், அதாவது என் மச்சாண்டார், கிழங்கு மண்டி வைத்திருந்தார். உருளைக்கிழங்கு மூட்டை அடுக்க இடம் பத்தவில்லை என்று அவருக்கு ரொம்ப நாளாகவே கொட்டாய் மேல் ஒரு கண். தம்பி குந்தாவுக்குப் போனதும் ஒறம்பரை, அதுதான் சொந்தக்காரர்களெல்லாம், கூடியிருந்த ஒரு விருந்தில் ஆரம்பித்தார். "பொம்பளை காய்ச்சுன மெழுகுல மழை நிக்குமா அம்மிணி? சாவியை எங்கிட்டக் குடுத்துப்போட்டு ஊட்டுல அக்காளுக்கு ஒத்தாசையா இரு." அந்த ஒத்தாசை என்னவென்று எனக்குத் தெரியும். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் அத்தனை பேருக்கும் அந்த ஊட்டில்தான் சோறு, காப்பி எல்லாம். அடுப்பு அணைந்து நான் பார்த்ததே இல்லை. அவர் சம்சாரம், என் ஓரகத்தி, பாவம், அடுப்போடு அடுப்பாகிவிட்டாள். அடுத்த விறகு நான்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பிறந்த வீட்டிலேயே பேர். எழுந்து சொல்லிவிட்டேன்: "கார்த்திகை தீபம் வரைக்கும் பாருங்க மாமா. என்ற கையால போன ஒரு தார்ப்பாய் ஒழுகுதுன்னு திரும்பி வந்துச்சுன்னா, சாவியை நானே கொண்டாந்து உங்க கையில குடுத்தர்றேன்." அவர் "எல்லாரும் கேட்டுக்கங்க" என்று சபைக்குச் சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டார். அப்போது ஆனி மாசம். முழு மழைக்காலமும் பாக்கி இருந்தது. எங்க ஊட்டுக்காரர் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. வெளியே வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நீ பந்தயம் கட்டுனது எங்கண்ணங்கிட்ட இல்ல புள்ள, மழைகிட்ட. எங்கண்ணனாவது அப்பப்பத் தூங்குவான்."

மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு கூட்டம்

கைப்பக்குவத்தைச் சொல்லிவிடுகிறேன், ரகசியம் ஒன்றும் இல்லை. கோத்தகிரி பக்கத்துக் காட்டில் தேன் எடுக்கிறவர்கள் கொண்டுவருகிற தேன்மெழுகு. பெயின்ட் கடையில் விற்கிற லின்சீட் ஆயில். தண்ணீர் கொதிக்கிற அண்டாவுக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து இரண்டையும் உருக்க வேண்டும். பிறகு பாத்திரத்தை வெளியே எடுத்து, அடுப்பைச் சுத்தமாக அணைத்துவிட்டு, டர்பெண்டைனுக்குப் பதிலாக நம் ஊர் நீலகிரித் தைலத்தை ஊற்றிக் கலக்க வேண்டும். அடுப்பு எரியும்போது ஊற்றினால் கொட்டாயை மச்சாண்டார் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது, அதுவே போய்விடும். சூடு ஆறுவதற்குள் துணியில் பூசி, கந்தல் வைத்து அழுத்தித் தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும்.

நான் தைலம் ஊற்றுகிற நேரம் ஊருக்கே தெரிந்துபோனது. ஆடி மாதக் குளிரில் சளி பிடித்தவன், தலைபாரம் உள்ளவள், தும்மிக்கொண்டிருக்கிற குழந்தையை இடுப்பில் வைத்தவள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் வந்து வாசலில் நின்று இழுப்பார்கள். சிலர் முக்காடு போட்டுக்கொண்டு பாத்திரத்துக்கு மேலேயே குனிவார்கள். தெருமுனையில் மருந்துக் கடை வைத்திருந்தவர் ஒருநாள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, நான் கடையைச் சாத்திப்போட்டு இங்கயே வந்து உக்காந்துக்கட்டுங்களா? என்ற வாடிக்கை பூரா உங்க வாசல்லதான் மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது!"

நிமிர்ந்து நின்ற படங்கு

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் மழைக்கு இடுப்பைச் சுற்றிச் சாக்கு கட்டிக்கொள்வார்கள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண்கள் அதைப் படங்கு என்பார்கள். அப்படி வந்த தங்கம்மாக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் லயத்து வரிசைவீட்டுப் பெண்களின் படங்குகளையெல்லாம் சுமந்துகொண்டு வந்தாள். "நனைஞ்ச சாக்கோட பொழுதுக்கும் நின்னு இடுப்பு விட்டுப் போச்சு தங்கச்சி. இதுக்கும் உன் மெழுகைப் பூசிக் குடு" என்றாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. கை தாராளமாகி, தார்ப்பாய்க்குப் பூசுகிற மாதிரி இரண்டு பூச்சு கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் மச்சாண்டார் கொட்டாய் வாசலில் நிற்கும்போதே தங்கம்மாக்கா படங்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் முகத்தில் நூறு வாட்ஸ் பல்பு எரிந்தது. "திரும்பி வந்துருச்சாட்ட இருக்குது!" என்றார். அக்கா படங்கைக் கீழே வைத்தாள். அது தானாகவே நின்றது! குளிரில் மெழுகு இறுகிப்போய், பெண் ஒருத்தி உள்ளே நிற்கிற மாதிரியே வட்டமாக நின்றது. "சொட்டுத் தண்ணி உள்ள வரலை தங்கச்சி. ஆனா குந்தவும் ஏலாது, குனியவும் ஏலாது" என்றாள். நான் மச்சாண்டாரைப் பார்த்து, "ஒழுகி வரலீங்க மாமா, நிமிர்ந்து வந்திருக்குது" என்றேன். மெழுகைச் சுரண்டி எண்ணெயைக் கூட்டிப் பதமாக்கிக் கொடுத்தேன். தங்கம்மாக்காவுக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் நிமிர்ந்து நின்ற படங்கை விட்டுப் பிரியக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

"டீ குடிக்கப் போறப்போ அவுத்து வரிசையா நிறுத்திட்டுப் போனோம். பனிமூட்டத்துல தூரத்துல இருந்து பார்த்த கங்காணி, எல்லாரும் நின்னு வேலை செய்யுதுகன்னு அந்தப் பக்கமே வரலை!"

வெலிங்டன் விருந்து

வெலிங்டனில் பட்டாளத்து ஆபீஸில் வேலை பார்த்த ஒரு கிளார்க், மகள் வளைகாப்புக்குப் பெரிய கூடாரமாக வாங்கிப் போனார். கூடாரத் துணிக்கு மெழுகு லேசாகத்தான் ஏற்றுவோம். மழையில் நூல் உப்பி, கண்ணெல்லாம் அடைத்துக்கொண்டு மிச்ச வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆகவே ஒரே ஒரு பத்தியம்: மழை பெய்யும்போது உள்ளேயிருந்து துணியைத் தொடக் கூடாது. தொட்ட இடத்தில் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். மனுசனுக்கு இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன்.

வளைகாப்பு அன்றைக்கு நல்ல மழை. எனக்கும் அழைப்பு, கிழங்கு கொடுத்த மச்சாண்டாருக்கும் அழைப்பு. நான் உள்ளே நுழையும்போது கிளார்க் வந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு கூடாரத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். "இங்க ஒழுகுதா பாருங்க" என்று மேலே ஒரு குத்து. "இங்க பாருங்க, ஈரமே இல்லை" என்று இன்னொரு குத்து. அவர் நகர்ந்த பின்னாலேயே ஒவ்வொரு விரல் வைத்த இடத்திலும் சொட்டு கட்டியது. அதில் முதல் சொட்டு, கேட்டால் நம்ப மாட்டீர்கள், பந்தியில் உட்கார்ந்திருந்த மச்சாண்டாரின் வழுக்கைத் தலையில்தான் விழுந்தது. அவர் தலையைத் தடவிக்கொண்டு, "இதையும் திரும்பி வந்த கணக்குல சேர்த்துக்கலாமா அம்மிணி?" என்றார்.

நாற்காலி போட்டு ஏறி, சொட்டு விழுகிற இடத்தில் விரலை வைத்து, துணியை விட்டு எடுக்காமல் அப்படியே பக்கச் சுவர் வரைக்கும் கோடு இழுத்தேன். தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாகச் சுவரோரம் இறங்கியது. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு கோடு. பந்தி முடிவதற்குள் கூடாரம் காய்ந்த கூடாரம்தான். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். கிளார்க் அசடு வழிய நின்றார். அவர் மனைவி வளையல் தட்டோடு வந்து அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"கல்யாணம் ஆன நாளா நானும் இதையேதானுங்க சொல்றேன், எதைக் கண்டாலும் கையை வெக்காதீங்கன்னு. இன்னைக்கு மேல இருந்தே சொல்லிருச்சு!"

தெப்பக்காட்டு ஜீப்

தெப்பக்காட்டு யானை முகாமில் தீனி மூட்டைகளை மூடி வைக்க ஒரு தார்ப்பாய் அனுப்பியிருந்தேன். ஆவணி மாதம் வன இலாகா ஜீப் ஒன்று கொட்டாய் முன்னால் வந்து நின்றது. ஒரு ஃபாரஸ்ட் கார்டும், யானைப் பாகர் ஒருவரும் இறங்கினார்கள். அவ்வளவு தூரம் மலையேறி ஜீப் வருகிறதென்றால் நல்ல சேதியாகவா இருக்கும்? அதற்குள் மண்டியிலிருந்து மச்சாண்டார் செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் வந்துவிட்டார். அவருக்கு யார் போய்ச் சொல்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தார்ப்பாய் எங்கீங்க?" என்று அவரே கேட்டார். பாகர் தலையைச் சொறிந்தார். செண்பகம் என்று ஒரு பெண் யானையாம். தேன்மெழுகு வாசத்துக்கு முதல் நாளே மூட்டை மேலிருந்து தார்ப்பாயை உருவிவிட்டதாம். நக்கிப் பார்த்தது, தேன் இல்லை. கோபத்தில் கிழித்துப் போடும் என்று எல்லாரும் பயந்திருக்கிறார்கள். அது தும்பிக்கையால் சுருட்டித் தன் முதுகில் போட்டுக்கொண்டு மழையில் நின்றதாம்! அன்றிலிருந்து மழை வந்தால் போர்த்திக்கொள்கிறது, வெயில் வந்தால் காலுக்கடியில் வைத்துக்கொள்கிறது. யார் கேட்டாலும் தருவதில்லை. மச்சாண்டார் விடவில்லை. "அப்ப அது ஒழுகுதா, ஒழுகலையா?" என்றார். பாகர் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஒழுகுனா அவ ஏனுங்க கெட்டியாப் புடிச்சுக்கிட்டு நிக்கறா? நாங்க இப்ப மூட்டைக்கு வேற ஒண்ணு வாங்கத்தான் வந்தோம், தேன் வாசம் இல்லாம குடுங்கக்கா."

தேயிலைக்கு உள்ள மூக்கு

தேன் வாசம் வேண்டாம் என்று யானைக்காரர்கள் சொன்ன அதே மாதத்தில், தைல வாசமே ஆகாது என்று சொல்ல ஒருவர் வந்தார். எங்கள் பக்கத்து எஸ்டேட் ஃபேக்டரியின் டீமேக்கர். இலையைத் தூளாக்கி ருசி பார்த்து அனுப்புகிற பொறுப்பு அவருடையது. தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லாரிக்கு என் தார்ப்பாயைக் காட்டினேன். தூரத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். "தேயிலை மாதிரி வாசம் புடிக்கற பொருள் உலகத்துல இல்லீங்க. இதைப் போத்துனா என்ற தூளு கோயமுத்தூர் போறதுக்குள்ள இருமல் மருந்தாயிரும்" என்றார்.

அதற்கும் என்னிடம் வழி இருந்தது. பார் சோப்பைச் சீவிக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரில் துணியை ஊற வைக்க வேண்டும். பிழிந்துவிட்டு, படிகாரம் கரைத்த தண்ணீரில் முக்க வேண்டும். சோப்பும் படிகாரமும் நூலுக்குள் ஒன்று சேர்ந்து வெள்ளையாக இறுகிக்கொள்ளும். அதன்பிறகு தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் உருளுகிற மாதிரி உருண்டு ஓடும். வாசம் என்று ஒன்றும் இருக்காது. ஒரே தொல்லை, உடனே நன்றாகக் காய வேண்டும். அப்போது வெயில் இருந்தது, காய்ந்தது. டீமேக்கர் சும்மா நம்புகிற ஆளா? அந்தத் துணியில் ஒரு கைப்பிடித் தூளை முடிந்து எடுத்துப் போனார். மறுநாள் அதிலேயே டீ போட்டு ஒரு டம்ளரைத் தூக்கிக்கொண்டு கொட்டாய்க்கு வந்து, என் முன்னாலேயே உறிஞ்சிக் கண்ணை மூடினார்.

"டீ டீயாவே இருக்குதுங்கம்மா. எங்க ஃபேக்டரிக்கு வேணுங்கறதை இனி நீங்களே தைச்சுக் குடுங்க!"

ஆயுத பூஜைக் குளியல்

இப்படியே கார்த்திகையைத் தொட்டுவிடலாம் என்று நான் தெம்பாக இருந்தபோதுதான் ஆயுத பூஜை வந்தது. மச்சாண்டாரின் கிழங்கை மேட்டுப்பாளையத்துக்கு ஏற்றிப் போகிற லாரி முருகேசண்ணனுடையது. அதன் தார்ப்பாய் என் கைவேலை. பூஜை முடிந்து முதல் லோடு மலை இறங்கும்போது பர்லியார் வளைவில் மழை பிடித்துக்கொண்டது. மேட்டுப்பாளையத்தில் அவிழ்த்தால் மேலடுக்கு மூட்டையெல்லாம் சொதசொதவென்று நனைந்திருந்தது. நனைந்த கிழங்கு அழுகத்தானே செய்யும்? மறுநாள் மச்சாண்டார் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்து தார்ப்பாயை என் வாசலில் தொப்பென்று போடச் சொன்னார். "திரும்பி வந்துருச்சு அம்மிணி. சாவி எங்கே?" என்றார். சத்தம் கூடப் போடவில்லை.

குனிந்து துணியைத் தொட்டேன். மெழுகுத் துணி கையில் கொஞ்சம் ஒட்ட வேண்டும். இது துவைத்த வேட்டி மாதிரி மொறமொறவென்று இருந்தது. நிறம் மல்லிகைப் பூ. நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம். "அண்ணா, இதை என்ன பண்ணுனீங்க?" என்றேன். முருகேசண்ணன் பக்திமான். ஆயுத பூஜைக்கு ஸ்பேனரிலிருந்து ஜாக்கி வரைக்கும் குளிப்பாட்டிப் பொட்டு வைக்கிறவர். பெருமையாக முன்னால் வந்து நின்றார்.

"அழுக்குத் துணியைச் சாமிக்கு முன்னால வெக்கலாமுங்களா அக்கா? சலவைச் சோடா போட்டு ஊற வெச்சு, கட்டிக் கட்டியா சோப்புப் போட்டுத் தேச்சு, அந்தப் பிசுக்கு பூராத்தையும் எடுத்துப்போட்டுத்தான் சந்தனமே வெச்சேன்!"

அழுது முடித்த பிறகு

கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். மச்சாண்டார் சிரிக்கவில்லை. "துவைச்சானோ துடைச்சானோ, ஒழுகுச்சா இல்லையா? பேச்சு மாறாதே" என்றார். நானும் குரலை உயர்த்தினேன். "நான் குடுத்தது மெழுகு ஏத்துன துணி. இது மெழுகை எடுத்த துணி. இதே துணியை மறுபடி ஒழுகாம பண்ணிக் காட்டறேன். அப்பவும் ஒரு சொட்டு விழுந்தா வாய் பேசாம சாவியைத் தர்றேன்." அவர் வானத்தைப் பார்த்தார். ஐப்பசி மாதம், வெயிலைப் பார்த்து நாளாகிவிட்டது. மெழுகு பூசினால் நல்ல வெயிலில் பல நாள் ஆற வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். "வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள" என்று கெடு வைத்துவிட்டுப் போனார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்? அந்த அடுப்படியும் காப்பி டம்ளர்களும் கண் முன்னால் வந்து நின்றன. அழுதாகிவிட்டது, சரி, சந்தனத்தையாவது கழுவுவோம் என்று துணியின் ஒரு மூலையைக் குழாயடியில் பிடித்தேன். நுரை வந்தது. கசக்கக் கசக்க நுரை. முருகேசண்ணன் பூஜைக்கு நேரமாகிறது என்று சரியாக அலசவே இல்லை! துணி முழுக்கச் சோப்பு. பாதி வேலையை அவரே முடித்து வைத்திருக்கிறார், பாக்கி படிகாரம்தானே? கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோடா போகிற அளவுக்கு மட்டும் ஒரு அலசு அலசி, குறைக்கு நானும் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் காட்டிவிட்டுப் படிகாரத்தில் முக்கினேன்.

காய வைப்பதற்கு ஓடினேன் டீமேக்கரிடம். இலை வாட்டுகிற மாடியில் சூடான காற்று வரும், அன்றைக்கு இலை வரத்துக் குறைவு, ஒரு ஓரம் காலியாக இருந்தது. தைலம் பூசிய துணியாக இருந்தால் வாசலிலேயே விரட்டியிருப்பார். விஷயத்தைச் சொன்னதும் துணியின் ஒரு முனையை எடுத்து மூக்கில் வைத்தார். பிறகு நடு மடிப்பைப் பிரித்து மறுபடி மோந்தார். என் ஜீவன் அந்த மூக்கின் நுனியில் தொங்கியது.

"வாசமே இல்லாத பொருளை உள்ள வுடலைன்னு எந்த தொரையும் என்னைக் கேக்க முடியாது. தூக்கிக் கட்டுங்க!"

கோலத்தின் மேல் ஒரு குளம்

"மறுபடி என்ற கிழங்கை நனைக்க மாட்டேன், மண்டியிலயே கட்டித் தண்ணி ஊத்து, பொழுது சாயற வரைக்கும் நிக்கட்டும்" என்றார் மச்சாண்டார். வெள்ளிக்கிழமை காலையில் மண்டியின் நடுக்கூடத்தில் நான்கு தூணுக்கும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். முருகேசண்ணன் குடம் குடமாக ஊற்றினார். துணி கர்ப்பிணி வயிறு மாதிரி தொங்கியது. மூட்டை தூக்குகிறவர்கள், மருந்துக் கடைக்காரர், லீவு சொல்லிவிட்டு வந்த எங்க ஊட்டுக்காரர் என்று கூடம் நிறைந்துவிட்டது. "கீழ சாக்கு விரிங்க, நனையுதான்னு பார்க்கலாம்" என்றார் யாரோ.

அப்போது கரண்டியைப் போட்டுவிட்டு ஓரகத்தி வந்தாள். நாளெல்லாம் வாய் திறக்காதவள். முந்தானையில் கோலமாவை முடிந்துகொண்டு வந்திருந்தாள். தொங்குகிற தண்ணீருக்கு நேர் கீழே உட்கார்ந்து, ஈர்க்குச்சி அகலத்தில் இழை இழையாகப் பெரிய கோலம் ஒன்றைப் போட்டாள். "சாக்குல சொட்டு விழுந்தா தெரியாது. இதுல விழுந்தா ஊருக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். பிறகு எல்லாரும் கோலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மச்சாண்டார் மதியச் சாப்பாட்டைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொன்னார். துணியின் அடியில் ஈரம் கோத்தது போல் ஒரு நிழல் தெரிந்தபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "ஒண்ணுமில்ல புள்ள, லைட்டு வெளிச்சம்" என்றார் எங்க ஊட்டுக்காரர். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் ஓரகத்தி கையில் அகலோடு வந்து, குனிந்து, கோலத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு இழை கலையவில்லை.

"மாமா, சாவி?" என்று கையை நீட்டி நான்தான் கேட்டேன், நக்கலாக. கூடம் அதிரச் சிரித்தார்கள். மச்சாண்டார் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "முருகேசா, தண்ணியைக் கொட்டிப்போட்டு அந்தத் துணியவே இன்னைக்கு லோடுக்குப் போட்டுக் கட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? ஓரகத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்காக இவ்வளவு செய்தாளே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் காதோடு சொன்னாள்.

"உனக்காக மட்டும் போடலை சரசு. நாளையிலிருந்து நானும் கொட்டாய்க்கு வர்றேன். இந்த மனுசனுக்குக் காப்பி வேணும்னா அங்க வந்து குடிக்கட்டும்."

வந்தாள். அதற்குப் பிறகு ஒரு தார்ப்பாயும் ஒழுகித் திரும்பி வரவில்லை, கார்த்திகை தீபத்தை இரண்டு பேருமாகக் கொட்டாய் வாசலில்தான் ஏற்றினோம். ஆக இந்தத் தொழிலில் நான் கற்றது, மழையைக்கூட மெழுகும் படிகாரமும் வைத்து வெளியே நிறுத்திவிடலாம், ஆனால் தினமும் காப்பிக்கு வருகிற மச்சாண்டாரை உள்ளே விடாமல் இருக்க இன்னும் ஒரு பூச்சும் கண்டுபிடிக்கப்படவில்லை.